ஒன்பதாவது மரத்தடியில் நான் போட்ட சத்தம்

அன்பு மகன்,

நாளை மதியம் நீ சாப்பிட்டுக் கைகழுவியதும் மலர் இந்தக் கடிதத்தை உன்னிடம் தருவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நீ வேறெங்கும் கண்டிருக்கமாட்டாய். முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் நின்று கணக்குப் படிப்பித்தவன் நான். ஆனாலும் உன் முன்னால் வந்து நின்றால் இரண்டு வாக்கியம் ஒழுங்காக வருகிறது, மூன்றாவது வாக்கியம் உன்னைத் திருத்துகிற வாக்கியமாகிவிடுகிறது. நேற்று மாலையும் இதைச் சொல்லத்தான் உன் அறைக்கு வந்தேன். நீ குனிந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். "கயிறை இப்பிடிக் கட்டினா அவிழும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஆறு வருடம் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் கயிறு பிடித்தவனுக்கு நான் முடிச்சுச் சொல்லிக்கொடுத்தேன். நீ தலை நிமிராமல், "ஓம் அப்பா, பாக்கிறன்" என்றாய். அதற்குப் பிறகுதான் எழுதலாம் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நாளை மறுநாள் நீ கொழும்புக்கு ரயில் ஏறுகிறாய். அங்கிருந்து கப்பல், இரண்டு வருட ஒப்பந்தம். மலருக்கு இது ஏழாம் மாதம். நீ திரும்பி வரும்போது உன் பிள்ளை நடந்து திரியும். உன்னைக் கண்டு பயந்து என் காலுக்குப் பின்னால் ஒளியும். இதெல்லாம் யாருடைய பிழையும் இல்லை, காலம் அப்படி, என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன். அது உண்மையில்லை. ஒருவருடைய பிழைதான். அவர் இந்தக் கதிரையில் இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தட்டில் இருந்து தொடங்குகிறேன். நிலாவெளிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் மூதூருக்குப் போய் வரும்போது லோஞ்சில் மறந்துவிட்டுப் போனது. நீலப் பிளாஸ்டிக்கில், ஓரம் உள்ளே வளைந்த, எறிந்து விளையாடுகிற தட்டு. சுக்கான் பிடிக்கும் சலீம் காக்கா ஒரு கிழமை அதில் பேரீச்சம்பழம் வைத்துச் சாப்பிட்டாராம். வெள்ளைக்காரன் கேட்டு வரவில்லை என்றானதும் நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கோட்டைக்கு இந்தப் பக்கத்துக் கடற்கரையில் வேலை முடிந்த பின்னேரங்களில் எறிந்து பழகினாய். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தட்டை இடது மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னே போகும்படி வீசுகிற எறி. முதல் கிழமை அது போன தூரத்தை விட நீ அதை எடுக்க நடந்த தூரம்தான் அதிகம். ஒருநாள் அது கோட்டையில் இருந்து வந்து புல் மேய்ந்துகொண்டிருந்த மானின் முதுகில் போய் விழுந்தது. மான் அசையவில்லை, திரும்பி உன்னைப் பார்த்தது. பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுக்கும்போது அப்பாவும் அதே பார்வைதான் பார்ப்பார் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம்.

உன் எறியில் இருந்த முதல் பிழை லோஞ்சு கொடுத்த பிழை. கரையை நெருங்கும்போது நீ முன்பக்கம் நின்று எறிகிற கயிறு மேலே எழும்பி, ஜெட்டிப் பாலத்தில் நிற்கிறவனுடைய தலைக்கு மேலால் போய் விழ வேண்டும். ஆகவே உன் கை எப்போதும் வானத்தைப் பார்த்தே முடியும். தட்டையும் அப்படியே எறிந்தாய். முன்விளிம்பு தூக்கிக்கொண்டு போகும், மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று அதன் அடிவயிற்றில் பிடிக்கும், தட்டு எழும்பி நின்று, வந்த வழியே திரும்பி உன் காலடியில் விழும். சலீம் காக்கா பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஒங்கட மகன் நல்லாத்தான் எறியிறான். கரைதான் கிட்ட வருதில்ல" என்றார். அந்தப் பிழையை நான் சரியாகத்தான் கண்டேன். தேத்தண்ணித் தட்டை ஆட்களுக்குக் கொண்டுபோகிறவள் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் கோப்பைகள் அவளுடைய மடியில்தான் விழும், சமமாகப் பிடி, எறிந்து முடிக்கும்போதும் கை நெஞ்சு மட்டத்தில் முடியட்டும் என்றேன். நீ இரண்டு நாளில் திருத்தினாய். தட்டு தாழ்வாக, நேராக, நீண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் அடுத்த பிழையைச் செய்ய வைத்தது.

அந்த நேரம்தான் உப்புவெளிப் பக்கத்து ஹோட்டலில் இருந்து செய்தி வந்தது. விருந்தாளிகளுக்குக் கடற்கரையில் விளையாட்டுக் காட்டி நடத்த ஓர் ஆள் தேவை, நிரந்தர வேலை. ஒன்பது மரங்களில் சுண்ணாம்பு வளையம் பூசியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தட்டை எறிந்துகொண்டே போக வேண்டும், வளையத்துக்குக் கீழே மரத்தில் பட்டால் அந்த மரம் முடிந்தது, குறைந்த எறியில் ஒன்பதையும் முடிக்கிறவனுக்கு வேலை. அன்று நீ வீட்டுக்குள் வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது. கலியாணம் முடிந்து மூன்று மாதம். "கரையில வேலை அப்பா, மாசச் சம்பளம். இனிக் கப்பலுக்குப் போகத் தேவையில்லை, இரவைக்கு வீட்டில இருக்கலாம்" என்றாய். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. நான் உடனே தடி ஒன்றை எடுத்து மணலில் வட்டம் கீறினேன்.

கணக்கு வாத்தியாருக்கு மட்டும் வரக்கூடிய பிழை அது. கவராயத்தை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு பெரிய வட்டம். வட்டம் பெரிதானால் அதே நேரத்தில் விளிம்பு கூடிய தூரம் ஓட வேண்டும். ஆகவே வேகம் கூடும். ஆகவே கையை நீட்டு, முழங்கையை மடக்காதே, தோளில் இருந்து பெரிதாகச் சுற்றி எறி. மணலில் கீறியபோது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நீ இரண்டு கிழமை நான் சொன்னபடி எறிந்தாய். சில எறி மரத்துக்கு இடப்பக்கம் போனது, அநேகமானவை விரலில் இறுகி நின்று நேரம் பிந்தி, வலப்பக்கம் கடலுக்குப் போயின. "கையை நீட்டு! இன்னும் நீட்டு!" என்று நான் பின்னால் நின்று கத்துவேன். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கும்போது உன் முகம் சுருங்கியதை அம்மா கண்டுவிட்டாள். நல்லெண்ணெயைச் சூடாக்கி உன் தோளில் தேய்த்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கட கணக்கு இவன்ட தோளைத் தின்னுது" என்றாள். "பழகினாச் சரிவரும்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பிலும் அப்படித்தான் எத்தனையோ பிள்ளைகளைப் பற்றி நினைத்திருக்கிறேன்.

பிறகு நீ இறக்கக்கண்டிக்கு ஒரு கூட்டாளியுடைய வள்ளத்தில் போய் வந்தாய். மோட்டரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது உனக்குப் பிடிபட்டிருக்கிறது. கயிற்றை யாரும் கையை நீட்டி வட்டமாகச் சுற்றி இழுப்பதில்லை. முதலில் கால் ஊன்றுகிறது, இடுப்புத் திரும்புகிறது, முழங்கை முன்னே போகிறது, கை உடம்போடு ஒட்டி நேர்கோட்டில் வருகிறது, கடைசியில்தான் முன்னங்கை வெடித்துப் போகிறது. அன்று பின்னேரம் தட்டை அப்படியே நெஞ்சுக்குக் குறுக்கே நேராக இழுத்து எறிந்தாய். அது போய்க்கொண்டே இருந்தது. கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சலீம் காக்கா கையைத் தட்டி, "மாஸ்டர், இவன் தட்டு எறியல்ல, எஞ்சின் ஸ்டார்ட் பண்றான்! புகைதான் வரல்ல" என்று சிரித்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போது நான் "சரி மகன், நான் சொன்னது பிழை" என்று ஐந்து சொல் சொல்லியிருக்க வேண்டும். "ம், பரவாயில்லை, ஆனாக் கை இன்னும் கொஞ்சம் நீளலாம்" என்றேன். மகன், இதை எழுதும்போது எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தெரியாமல் செய்தேன் என்று நீ நினைக்கக்கூடாது. போட்டிக்குப் பத்து நாள் முன்பு உங்கள் லோஞ்சில் மூதூருக்குப் போனேன். ஜெட்டி நெருங்கியது, நீ கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்து நின்றாய். நான் பக்கத்தில் போய், "காலமை சாப்பிட்டனீயே?" என்று கேட்டேன். லோஞ்சு முழுக்க அமைதியானது. சலீம் காக்கா சுக்கானில் இருந்து என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தார். நீ எறிந்து, கயிறு கட்டி முடிந்த பிறகு அவர் என்னிடம் வந்தார். "கோவிக்காதீங்க மாஸ்டர். கயிறு கையில இருக்கிறவனோட ஒருத்தரும் கதைக்கக்கூடாது. நானும் கதைக்கமாட்டன், மொதலாளி வந்தாலும் கதைக்கமாட்டார். எடுக்க முந்திச் சொல்லலாம், எறிஞ்ச பொறகு ஏசலாம். கையில இருக்கக்குள்ள அது அவன்ட." நான் தலையாட்டினேன். நல்ல வழக்கம் என்று வீட்டில் வந்து அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். கேட்டுத் தலையாட்டுவதும் படிப்பதும் வேறுவேறு என்று முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

போட்டியன்று எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் சாம்பல்தீவில் இருந்து வந்த அந்த உயரமான பையன்தான் உனக்குச் சமமாக நின்றான். நீ தோளைத் தளர விட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்து, இழுத்து, விட்டாய். எட்டாவது மரம் முடிந்தபோது நீ அவனை விட ஒரு எறி குறைவு. ஒன்பதாவது மரம் கடலுக்குப் போகிற அந்தச் சிறு நீரோடைக்கு அப்பால் நின்றது. தண்ணீரில் விழுந்தால் அதே இடத்தில் நின்று திரும்ப எறிய வேண்டும், விழுந்த எறியும் கணக்கு, அதற்கு மேல் ஒரு எறி தண்டமாகவும் சேரும். அவன் மூன்றில் முடித்துவிட்டான். நீயும் மூன்றில் முடித்தால் வேலை உனக்கு. அந்தத் தூரத்தை நீ கோட்டைக் கடற்கரையில் நாற்பது தடவை மூன்றில் முடித்ததை நான் எண்ணியிருக்கிறேன்.

நீ காலை ஊன்றினாய். தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே பின்னே கொண்டுபோனாய். முழங்கை மடிந்திருந்தது, நீ கண்டுபிடித்த வழியில், சரியாக. அந்த நேரம் என்னைப் பிடித்தது பயம் என்று சொன்னால் உனக்கு நன்றாக இருக்கும். பயம் பாதிதான். மற்றப் பாதி, என் வழியை விட்டுவிட்டு நீ வெல்லப்போகிறாய் என்பது. "கையை நீட்டு!" என்று கத்திவிட்டேன்.

நீ சின்ன வயதில் இருந்தே என் குரலுக்குக் கீழ்ப்படிந்த பிள்ளை. உன் மூளைக்குக் கேட்கும் முன் கைக்குக் கேட்டுவிட்டது. கை நீண்டது. தட்டு வலப்பக்கம் விலகி, ஓடை கடலில் சேரும் இடத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு நீ எறிந்த மூன்றும் நல்ல எறிதான். தண்டத்தோடு ஐந்தில் முடித்தாய். ஒரு எறியால் போயிற்று.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சலீம் காக்கா கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோட்டல் மனேஜர் உன்னிடம், "என்ன தம்பி, நல்லாப் போய்க்கொண்டிருந்தது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை. "காத்துச் சேர். கச்சான் தள்ளிப்போட்டுது" என்றாய். சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியில் நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஓம், பாழ்பட்ட காத்து" என்றேன். நீ "ஓம் அப்பா" என்றாய். அன்று முதல் நம்முடைய வீட்டில் அது காற்றுத்தான். மலரிடம் காற்று, அம்மாவிடம் காற்று, கேட்டு வந்த சொந்தக்காரரிடம் காற்று.

மகன், அன்று காற்று இல்லை. கச்சான் ஓய்ந்து கடற்காற்று தொடங்குவதற்கு முன் வருகிற அசையாத நேரம் அது. மனேஜர் வாயில் இருந்த சிகரட்டின் புகை நூல் பிடித்ததுபோல நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. நீயும் கண்டிருப்பாய். நான் கண்டேன். ஒரு வருடமாக நீ எனக்காக அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறாய், நான் அதற்கு அடியில் நிழலுக்கு இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. நீ லோஞ்சுக்குப் போன பிறகு, காலை வெயில் ஏறும் முன், அலுமாரிக்கு மேல் நீ போட்டுவிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். முதலில் என் கணக்கின்படி கையை நீட்டி எறிந்தேன். மூன்றாம் நாள் சட்டை போட ஏலவில்லை. அம்மா எண்ணெயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தேய்ச்சு விடமாட்டன், நீங்களே தேயுங்க" என்றாள். பிறகு உன் வழியில் இழுத்துப் பார்த்தேன். என்னுடைய அறுபத்திரண்டு வயதுக் கையில் இருந்தும் அது நேராகப் போனது. அதிகம் இல்லை, இரண்டு கையையும் விரித்து அளந்தால் ஒரு இருபது பாகம். ஒருநாள் நான் இழுக்கும் நேரம் பார்த்து, மீன் வாங்க வந்த ஒரு தெரிந்த மனிதர், "என்ன மாஸ்டர், விடியக்காலமை!" என்றார். அவ்வளவுதான். விரல் இறுகியது, தட்டு கடலுக்குப் போனது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் என்று நினைத்து ஓடிவந்தார்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. சாம்பல்தீவுப் பையன் போன மாதம் சவூதிக்குப் போய்விட்டான். வேலை காலியாக இருக்கிறது. கேள்விப்பட்டதும் நான் மனேஜரைப் போய்ப் பார்த்தேன். வேலை கேட்கவில்லை, அதை நீ விரும்பமாட்டாய். அன்று நடந்ததை மட்டும் சொன்னேன். "காற்றில்லை சேர், நான்தான்" என்றேன். "தெரியும் மாஸ்டர். எல்லாருக்கும் கேட்டது" என்றார். பிறகு, "சனிக்கிழமை மூன்று மணிக்கு நாலு பேரை வரச் சொல்லியிருக்கிறன். உங்கட மகனும் வரலாம். எல்லாரையும் போல முதல் மரத்தில இருந்து தொடங்க வேணும், சலுகை இல்லை" என்றார். நான் சலுகை கேட்கவில்லை என்றேன். சனிக்கிழமை என்றால் நீ இதைப் படிக்கிற இன்றுதான்.

போ என்று சொல்லமாட்டேன். கப்பலில் சம்பளம் நல்லது, நீ கையெழுத்து வைத்துவிட்டாய், மனதையும் ஒருவழியாகக் கட்டிவிட்டாய். அதைக் குலைக்க எனக்கு உரிமை இல்லை. வென்றால் கொழும்புக்கு எப்படிச் சொல்வது என்று நீதான் யோசிக்க வேண்டும். தோற்றால் இரண்டாம் தடவை தோற்ற மனதோடு ரயில் ஏற வேண்டிவரும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நேற்று மலர் ஒன்று சொன்னாள். "மாமா, இவர் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு வெறுங்கையால இழுத்து இழுத்துப் பாக்கிறார். நான் பாத்தா, காதுக்குள்ள கத்தின நுளம்பை அடிச்சனான் எண்டுறார்." சொல்லிச் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் இதை உனக்கு மறைக்கக்கூடாது என்று நினைத்தேன். நீ இன்னும் தட்டைக் கையில் எடுக்கவில்லை. சலீம் காக்காவின் சட்டப்படி இப்போது நான் பேசலாம்.

எறிவதைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முழங்கையைப் பற்றியும் இல்லை, காலைப் பற்றியும் இல்லை. உன் எறியில் பிழை இல்லை, பிழை எனக்குக் கேட்கிற தூரத்தில் நீ நின்றதுதான். ஆகவே நான் மதியம் ஒரு மணிக்குப் போகும் லோஞ்சில் மூதூருக்குப் போகிறேன். சலீம் காக்காவிடம் சொல்லியாயிற்று. "என்ன வேலையா மாஸ்டர்?" என்று கேட்டார். "ஒரு வேலையும் இல்லை, என்னை அங்க இறக்கிவிட்டுட்டு அஞ்சு மணி வரைக்கும் இந்தக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வராதீங்க" என்றேன்.

மூன்று மணிக்கு நீ கடற்கரையில் நின்றாலும் சரி, மலரோடு வீட்டில் இருந்தாலும் சரி, நமக்கு இடையில் முழுத் துறைமுகமும் இருக்கும். அங்கே நின்று நான் எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது.

உன் அப்பா